கூட்டிப் பார்த்தவள்

கூட்டிட்டா சார். வேற ஒண்ணும் பண்ணலை. அவ பாட்டுக்கு உக்காந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கூட்டிட்டா. அந்தக் கூட்டலாலதான் நான் இன்னிக்கு வாராவாரம் காரைக்கால்லேருந்து சென்னைக்கு இந்த பஸ்ஸுல முதுகு ஒடியப் போய்ட்டு வந்துட்டிருக்கேன்.

என்ன வேலைன்னுதானே கேட்டீங்க? இப்ப சென்னையில ஹெட் ஆபீஸ்ல உக்கார வச்சிருக்காங்க. வர்ற கடிதாசிக்குப் பதில் போடணும். ஆனா போன மார்கழி வரைக்கும் நான் பேஸ் மேனேஜர். ஹெலிகாப்டர் கம்பெனி சார். கடலுக்குள்ள எண்ணெய் எடுக்கிற ரிக்கு இருக்குல்ல, அங்க வேலை பாக்குற ஆளுங்களைக் கொண்டுபோய் விடுறதும் கூட்டிட்டு வர்றதும் எங்க வேலை. குஞ்சிதபாதம்னு என் பேரைச் சொன்னா ஹெலிபேடு வாசல்ல டீ ஊத்துறவர்லேருந்து ரிக்குல கிரேன் ஓட்டுறவன் வரைக்கும் தெரியும். பதினோரு வருஷம். ஒன்பது மணி வண்டின்னா ஒன்பதுக்கு எழும்பும். மழையாவது, பனியாவது. அப்படி ஒரு பேரு எனக்கு.

அந்தப் பேருக்கு வேட்டு வச்சது யாருன்னா, சகாய ஷைனின்னு ஒரு பொண்ணு. குளச்சல்காரி. முப்பது வயசுகூட இருக்காது. எங்ககிட்ட எஞ்சினியரா வந்து ஒண்ணரை வருஷம்தான் ஆச்சு. அவ கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி எழும்பும். சட்டம் அப்படி. மேனேஜர் கையெழுத்துக்கு அங்க மதிப்பு கிடையாது, எஞ்சினியர் கையெழுத்துக்குத்தான். இது எந்த ஊரு நியாயம்னு நான் பதினோரு வருஷமா கேட்டுட்டிருக்கேன்.

உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். ஹெலிகாப்டர்ல எஞ்சின் இருக்குல்ல, அது நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுத்து சுத்தும். மேல இருக்கிற பெரிய விசிறி முந்நூறு சுத்துதான் சுத்தணும். நடுவுல வேகத்தைக் குறைச்சு பலத்தை மேல ஏத்துறது கியர்பாக்ஸ். உள்ள பூரா பல்சக்கரம், பேரிங், எண்ணெய். எஞ்சின் நின்னாக்கூட விசிறி காத்துல சுத்திக்கிட்டே இருக்கும், மெதுவா இறங்கிடலாம். கியர்பாக்ஸ் ஒடைஞ்சா விசிறி தனி, நாம தனி. அதனால அதைக் கண்ணுல எண்ணெய் விட்டுப் பாப்பாங்க. அடியில ஒரு காந்தத்தைச் செருகி வச்சிருப்பாங்க. உள்ள எங்கயாவது இரும்பு தேஞ்சா, அந்தத் துகள் எண்ணெயோட வந்து காந்தத்துல ஒட்டிக்கும். அப்பப்போ கழட்டிப் பாக்கணும். பஞ்சு மாதிரி மெல்லிசா இருந்தா சகஜம். செதில் மாதிரி இருந்தா அளந்து பாக்கணும். இந்த அளவுக்கு மேல போனா வண்டிய நிறுத்து, கீழ இருந்தா தொடச்சுட்டு ஓட்டுன்னு புஸ்தகத்துல படமே போட்டிருக்கான்.

எங்ககிட்ட அப்ப ரெண்டு வண்டி. பதிவு நம்பரோட கடைசி எழுத்தை வச்சுக் கூப்பிடுவோம். ஒண்ணு கிலோ, ஒண்ணு லீமா.

கிலோவுல ஒரு திங்கக்கிழமை ஒரு துகள். பரசுராமன்னு எங்க சீனியர் எஞ்சினியர் பாத்தார். அளவுக்குக் கீழ. தொடச்சார், துகளை ஒரு சின்னக் கவர்ல போட்டு லாக்புக்குல ஒட்டினார், கையெழுத்துப் போட்டார். வண்டி போச்சு. வியாழக்கிழமை இன்னொண்ணு. அப்பவும் பரசுராமன்தான். அளவுக்குக் கீழ. வண்டி போச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை மூணாவது. அன்னிக்கு இவ டூட்டி. அதுவும் அளவுக்குக் கீழதான் சார்! அவளே அளந்து அவளே எழுதியிருக்கா. எழுதிட்டு கையெழுத்துப் போட்டுப் போக வேண்டியதுதானே? பழைய ரெண்டு கவரையும் பிரிச்சு, மூணையும் ஒரு வெள்ளைத் தாள்ல பக்கத்துல பக்கத்துல வச்சு, கூட்டியிருக்கா. அந்தத் தாளைத் தூக்கிட்டு என் ரூமுக்கு வந்துட்டா.

"சார், மூணையும் சேத்தா அளவைத் தாண்டிடுது. கிலோவை நிறுத்தணும்."

"ஏம்மா, திங்கக்கிழமை வந்தது திங்கக்கிழமையோட போச்சு. அதை எதுக்கு நோண்டுற?"

"போகலை சார். நாமதான் தொடச்சோம். மூணும் ஒரே இடத்துலேருந்து உதிருதுன்னு நெனைக்கிறேன். ஓரம் பாருங்க, ஒரே மாதிரி இருக்கு."

"நீ உள்ள போய்ப் பாத்தியா?"

"இல்ல சார். அதான் பிரிச்சுப் பாக்கணும்னு சொல்றேன்."

"புஸ்தகத்துல கூட்டணும்னு போட்டிருக்கா?"

"கூட்டக் கூடாதுன்னும் போடலையே சார்."

எப்படி இருக்கு பாருங்க பதில்! மரியாதையாத்தான் பேசுவா, சார் சார்னுதான் சொல்லுவா. ஆனா நம்ம வாயை அடைச்சிடுவா. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டிருப்பேன். துகள் கீழ சிந்திடுமேன்னு விட்டேன்.

அன்னிக்கு என்ன நாள் தெரியுமா? கடல்ல தாழ்வு மண்டலம். மறுநாள் புயலாயிடும், நம்ம கரைக்குத்தான் வருதுன்னு ரேடியோவுல கத்திட்டிருக்கான். ரிக்குல முக்கியமான ஆளுங்களை மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்களைக் கரைக்குக் கொண்டு வாங்கன்னு எண்ணெய்க் கம்பெனிலேருந்து உத்தரவு. முப்பத்தஞ்சு பேர். வண்டிக்குப் பன்னெண்டு சீட்டு. ரெண்டு வண்டியும் இருந்தா ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டு டீ குடிச்சிருப்பேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல காத்து ஏறிடும், ரிக்கு மேல இறங்க முடியாது. இந்த நேரம் பாத்து இவ கிலோவுல கை வச்சா. பரசுராமனைக் கூப்பிட்டேன். "அந்தப் பொண்ணு எழுத்துல நிறுத்தினப்புறம் நான் அது மேல கையெழுத்துப் போட முடியாது குஞ்சிதம்"ன்னுட்டார். சரி, கிலோ போச்சு. லீமாவை வச்சு மூணு டிரிப்பு அடிச்சிடலாம். பத்து மணிக்கு ஆரம்பிச்சா, டிரிப்புக்கு ஒரு மணி நேரம், ஒரு மணிக்கு முடிஞ்சிடும். எனக்கும் கணக்குத் தெரியும் சார்.

லீமாவோட காந்தத்தைப் பரசுராமன் கழட்டிப் பாத்தார். சுத்தமா இருக்கு. கண்ணாடி மாதிரி இருக்கு. கையெழுத்துப் போட்டார். நான் கேப்டன் மாத்தனைக் கூப்பிட்டுக் கிளம்பச் சொல்றேன். அப்ப மறுபடியும் இவ, கையில ரெண்டு ஃபைலோட ஓடி வர்றா.

"சார், கிலோ கியர்பாக்ஸும் லீமா கியர்பாக்ஸும் ஒரே பட்டறையில ஒரே மாசம் பிரிச்சுப் பூட்டினது. உள்ள போட்ட பேரிங்கும் ஒரே லாட்டு."

"அதான் காந்தம் சுத்தமா இருக்கே!"

"காந்தத்துக்கு வந்ததைத்தான் சார் காந்தம் பிடிக்கும். எண்ணெய் ஃபில்டரைக் கழட்டி வெட்டிப் பாத்துடறேன். புதுசு மாட்டி ஒரு தடவை ஓட்டிப் பாத்து விட்டுடலாம். நாப்பது நிமிஷம் போதும்."

நாப்பது நிமிஷம்! கிழக்க வானம் கருத்துக் கெடக்கு. கொடிக் கம்பத்துல துணி படபடன்னு அடிச்சுக்குது. இவ நாப்பது நிமிஷம் கேக்குறா. "பரசுராமன் கையெழுத்துப் போட்டாச்சு. உன் வேலை கிலோவோட முடிஞ்சுது. நகரு"ன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். லோடு ஏத்துற ஆளுங்க திரும்பிப் பாத்தாங்க. நகந்துட்டா. அழலை. அழுதிருந்தாக்கூட நான் ஒரு வார்த்தை சமாதானமாச் சொல்லியிருப்பேன்.

இதோட முடிஞ்சுதா? ஒரு வண்டி கியர்பாக்ஸ் கோளாறுல நின்னுடுச்சுன்னு எவனோ ரிக்குக்குச் சொல்லிட்டான். அங்கேருந்து ரேடியோவுல வீரையன். கிரேன் ஓட்டுறவன்னு சொன்னேனே, அவன்தான். கோடியக்கரைப் பக்கம். ஆளு ஆறடி, சொன்னா மத்தவன் கேப்பான். "சார், நாங்க ஏற மாட்டோம். கப்பல் அனுப்புங்க"ங்கிறான். அந்த அலையில ரிக்குலேருந்து கப்பலுக்குக் கயித்துல தொங்கி இறங்குறது எவ்வளவு ஆபத்துன்னு அவனுக்கே தெரியும். இருந்தாலும் அடம்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? நானே ஏறினேன் சார். மேனேஜர் ஏறணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லை. உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கிட்டு முதல் டிரிப்புல ரிக்குக்குப் போனேன். போய் அவங்க சாப்பாட்டுக் கூடத்துல நின்னேன். "இதோ வந்திருக்கேன்ல? எனக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கு. கடைசி டிரிப்பு வரைக்கும் இங்கயே நிக்கிறேன். கடைசி ஆளு கூடத்தான் நான் வருவேன்"னேன். எவனும் எந்திரிக்கலை. ஒவ்வொருத்தன்கிட்டயாப் பேசினேன். ஊரு கேட்டேன், புள்ளைங்க கேட்டேன். டீ வந்துச்சு, குடிச்சேன். கடைசியில வீரையன் எந்திரிச்சு, "சாரே வந்துட்டாரு, அப்புறம் என்னடா"ன்னான். அதுக்கப்புறம் மளமளன்னு வரிசையில வந்தாங்க. அதுக்கு ஒரு அம்பது நிமிஷம் ஆச்சு. ஆளுங்களை ஏத்தி அனுப்பணும்னா பேசித்தானே ஆகணும்?

முதல் டிரிப்பு போச்சு. ரெண்டாவது போச்சு. மூணாவதுல பதினோரு பேரும் நானும். மணி ஒண்ணே கால் தாண்டியிருக்கும். நான் பைலட்டுக்குப் பின்னாடி சீட்டு. வீரையன் என் பக்கத்துல. கரைக்கு இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கும்போது முன்னாடி பலகையில ஒரு மஞ்ச லைட்டு எரிஞ்சுது.

லைட்டுதான் சார். மஞ்சள். சிவப்புகூட இல்லை. காந்தத்துல ஏதோ ஒட்டியிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். எண்ணெய் அழுத்தம் சரியா இருக்கு, சூடு சரியா இருக்கு. மாத்தன் நல்ல பைலட்டு, நேவியில இருந்தவர். வண்டிய மெதுவா கீழ இறக்கினார். இறக்கி, தண்ணிக்கு மேல ஒரு தென்னமர உசரத்துல வச்சு, வேகத்தைக் குறைச்சு ஓட்டினார். எதுக்குன்னு எனக்குத் தெரியும். விழுந்தா கிட்டக்கேருந்து விழலாம்னு. வீரையன் என் தோளைத் தட்டி, ஏன் இவ்வளவு கீழன்னு கையால கேட்டான். அலை எப்படி இருக்குன்னு பாக்குறார்னு நானும் கையாலயே சொன்னேன். அவன் நம்பிட்டான். கீழ வலைப்படகுங்க எல்லாம் கரைக்கு ஓடிக்கிட்டிருக்கு. அவங்களைப் பாத்து இவன் கை காட்டிக்கிட்டே வர்றான், சின்னப் புள்ளையாட்டம். நான் அந்த லைட்டையே பாத்துட்டிருந்தேன். பதினோரு நிமிஷம். கண்ணைச் சிமிட்டலை. சிமிட்டினா என்னமோ ஆயிடும்கிற மாதிரி. சும்மா சொல்றேன், அப்படி ஒண்ணும் பயமில்லை.

இறங்கிட்டோம். சொகமா இறங்கிட்டோம். இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா இதை யாரும் எழுதலை. முப்பத்தஞ்சு பேரும் கரைக்கு வந்தாச்சு, ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்லை.

தீயணைப்பு வண்டி நிக்குது, ஷைனி நிக்குறா. மாத்தன் ரேடியோவுல சொல்லியிருக்கார். விசிறி நின்னதும் வண்டிக்கு அடியில போனா. காந்தத்தைக் கழட்டி உள்ளங்கையில வச்சுக் காட்டினா. நாலு செதில். கெண்டை மீன் செதில் இருக்கும்ல, அந்த மாதிரி பளபளன்னு. எனக்கு அப்ப என்ன தோணுச்சோ, "பாத்தியா, வந்து சேந்துட்டோம்ல"ன்னேன். என் முகத்தைப் பாத்தா. செதிலைக் கவர்ல போட்டுக்கிட்டுப் போய்ட்டா. ஒரு மனுஷன் கடல்லேருந்து வந்திருக்கான், தண்ணி வேணுமான்னு கேக்கலை.

அப்புறம் அந்தப் புயல். மானங்கெட்ட புயல் சார் அது. ராத்திரியோட வடக்க திரும்பி, நெல்லூர் தாண்டி எங்கயோ போய் மழையாப் பெஞ்சு கரைஞ்சுடுச்சு. இங்க ஒரு வாழை மரம் சாயலை. ரிக்குல மிச்சம் இருந்தவங்க கேரம் ஆடிட்டிருந்தாங்களாம். அது மட்டும் ஒழுங்கா வந்து அடிச்சிருந்தா, இன்னிக்கு என் நிலைமையே வேற. முப்பத்தஞ்சு பேரைக் காப்பாத்தினவன்னு மாலை போட்டிருப்பாங்க.

ரெண்டு கியர்பாக்ஸையும் தயாரிச்ச நாட்டுக்கே அனுப்பினாங்க. பிரிச்சுப் பாத்து அறிக்கை வந்துச்சு. கிலோவுல, ஒரு சின்னப் பல்சக்கரத்துக்குள்ள பேரிங் உக்கார்ற வட்டத்துல, நகக்கண்ணு நீளத்துக்கு ஒரு விரிசல். லீமாவுல அதே சக்கரத்துல, வட்டத்துல மூணுல ரெண்டு பங்கு ஓடியிருக்கு. அதைப் பெரிசா சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கான். மூணுல ரெண்டு பங்குதானே சார்? இன்னும் ஒரு பங்கு இருந்துச்சுல்ல? லீமாவோட எண்ணெய் ஃபில்டர்ல அன்னிக்குக் காலைக்கு முன்னாடியே சேந்த துகளும் இருந்துச்சாம்.

அந்தப் பட்டறையில அந்த லாட்டு பேரிங் போட்ட கியர்பாக்ஸ் உலகம் பூரா பத்தொம்பதாம். எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டான். பத்தொம்பதையும் பிரிச்சான். எங்க ரெண்டையும் சேத்து அஞ்சுல விரிசல். பதினாலு நல்லா இருந்துச்சு, அதை யாரும் பேசறதில்லை. ஏழு வாரம் எங்க வண்டி எதுவும் எழும்பலை. அப்புறம் தயாரிச்ச கம்பெனிக்காரன் புஸ்தகத்தையே மாத்தினான். இனிமே துகளைத் தனித்தனியாப் பாக்கக் கூடாதாம், பழசையும் சேத்துக் கூட்டணுமாம். கூட ஃபில்டரையும் பாக்கணுமாம். ஷைனி பேருக்கு ஒரு லெட்டர் வேற, சட்டம் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கு. பதினோரு வருஷத்துல எனக்கு ஒரு லெட்டர் வந்ததில்லை. ஒழுங்காப் போய் ஒழுங்கா வந்த வண்டிக்கு யாரு லெட்டர் போடுவா?

விசாரணைக்கு மூணு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர், கண்ணாடி போட்டவர், பேனாவால மேசையத் தட்டிக்கிட்டே கேக்குறார். "பத்து மணிக்குப் பதிலா பத்து நாப்பதுக்கு ஆரம்பிச்சிருந்தா, ஒண்ணு நாப்பதுக்கு முடிஞ்சிருக்குமே? காத்து ரெண்டு மணிக்கு மேலதானே?" அப்புறம் இன்னொண்ணு: "ரிக்குல ஆளுங்களைச் சமாதானப்படுத்த அம்பது நிமிஷம் எடுத்தீங்க. அந்த நேரம் இருந்திருக்கே?" ஏசி ரூம்ல உக்காந்து கூட்டினா எல்லாம் சரியாத்தான் வரும் சார். அங்க காத்துல நின்னு பாக்கணும். நான் அதைச் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. அடுத்த மாசம் சென்னைக்கு மாத்தல். தண்டனை இல்லையாம், நிர்வாகக் காரணமாம்.

இந்த வீரையன் தொல்லை வேற. அவனுக்கு அறிக்கை கிறிக்கை ஒண்ணும் தெரியாது. எங்களுக்காக மேனேஜரு உசுரைப் பணயம் வச்சுக் கடலுக்குள்ள வந்தாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறான். தை மாசம் அவன் பொண்ணுக்குக் காதுகுத்து. பத்திரிகையில என் பேரைப் போட்டிருந்தான், தாய்மாமனுக்கு அடுத்து. வீட்டுக்கே வந்து தாம்பாளத்துல வச்சுக் குடுத்தான். நான் போகலை. அன்னிக்கு வேலை இருந்துச்சு. ஞாயித்துக்கிழமைதான், ஆனாலும் வேலை இருந்துச்சு. இப்பவும் மாசம் ஒரு தடவை ஃபோன் பண்ணுவான். எடுக்கறதில்லை. எடுத்தா, அன்னிக்குப் படகுக்காரங்களுக்குக் கை காட்டினதைச் சொல்லிச் சிரிப்பான். எனக்கு அது பிடிக்காது.

மாத்தல் ஆகிக் கிளம்புற அன்னிக்கு ஆபீஸ் சாவியை ஒப்படைக்கப் போனேன். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. ஷைனி மட்டும் லீமாவுக்குப் புது கியர்பாக்ஸ் பூட்டிக்கிட்டிருந்தா. பேசாம வந்திருக்கலாம். நின்னேன். "ஏம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். லீமா அன்னிக்கு இன்னும் ஒரு டிரிப்பு போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தெரியாது சார்"ன்னா.

"உத்தேசமாச் சொல்லேன்."

"நெஜமாவே தெரியாது சார். இன்னும் அம்பது டிரிப்பு போயிருக்கலாம். பாதி வழியும் போகாம இருந்திருக்கலாம்."

எனக்கு அப்படி எரிச்சல் வந்துச்சு. விழுந்திருக்கும்னு சொல்லு, தலையக் குனிஞ்சுக்கிறேன். விழுந்திருக்காதுன்னு சொல்லு, அந்த மூணு பேருக்கும் எழுதிப் போடுறேன். இத்தனை பேரைத் தலைகீழா ஆட்டி வச்சிட்டு, தெரியாதுன்னா? அஞ்சு மாசமா விடியக்காலையில முழிச்சு உக்காந்து நான் கேட்டுக்கிட்டிருக்கிற ஒரே கேள்விக்கு, படிச்ச பொண்ணு தெரியாதுங்கிறா!

"சரி, அந்த நாப்பது நிமிஷம் குடுத்திருந்தா?"ன்னேன்.

கையில இருந்த ஸ்பானரைக் கீழ வச்சா. பழந்துணியில கையத் தொடச்சா.

"அது தெரியும் சார்."

அவ்வளவுதான். குரல்ல கோபம்கூட இல்லை, அதான் எனக்கு ஆறலை. நான் சாவியை அங்க ஸ்டூல் மேல வச்சுட்டு வந்துட்டேன். பதினோரு வருஷம் அந்த இடத்தைக் கட்டி ஆண்டவன் கிளம்புறான், ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? நீங்களே சொல்லுங்க. நான் கேட்டது என்ன, அவ சொன்னது என்ன?